யார் பேரில் பதிவது? ஆய்வெழுத்தில் கருத்துத் திருட்டைத் தவிர்க்கவும் எதிர்கொள்ளவும் ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் அந்தி நிறுவை நேரத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே நின்று பாருங்கள். சாக்கு தராசில் ஏறும், பேர் சொல்வார்கள், கிலோ சொல்வார்கள், எழுதுவார்கள். ஒருத்தியின் 3 கிலோ இன்னொருத்தி பேரில் விழுந்துவிட்டால் அந்த இடத்திலேயே சத்தம் கிளம்பும். பேர் மாறி எழுதியவர் வேண்டுமென்று செய்தாரா, தூக்கக் கலக்கத்தில் செய்தாரா என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் கணக்கைத் திருத்து என்பார்கள்.

ஆய்வெழுத்தில் கருத்துத் திருட்டு பற்றி எனக்குத் தெரிந்த அடிப்படை இவ்வளவுதான். உழைப்பு யாருடையதோ அவர் பேரில் அது பதிவாக வேண்டும். மாறிப் பதிந்திருந்தால் திருத்தப்பட வேண்டும்.

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200ஆவது வருடம் 2023இல் ‘மலையகம் 200’ என்று நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். கட்டுரைத் தொகுதிகளும் மலர்களும் நிறைய வந்தன. எங்கள் பிள்ளைகள் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் தமிழ்நாட்டுக்கும் போய்ப் பட்டப்பின் ஆய்வு செய்கிறார்கள். சில வருடங்களாக ஆய்வரங்குக் கட்டுரைகளை வாசித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு வருகிறது. வருகிற பத்துக் கட்டுரையில் சிலவற்றில் பிறர் வசனம் அப்படியே இருக்கும். எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசினால் முக்கால்வாசிப் பேருக்கு இது பிழை என்று யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை என்பது தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எது திருட்டு, எது இல்லை

பிறருடைய வசனத்தை, தரவை, வாதத்தை, அட்டவணையை, படத்தை, களத்தில் சேகரித்ததை, மொழிபெயர்ப்பை உங்களுடையதுபோலத் தருவது கருத்துத் திருட்டு. நோக்கம் என்னவாக இருந்தாலும் பெயர் அதுதான். நோக்கத்தைப் பொறுத்துத் தண்டனை கூடலாம், குறையலாம்.

மேற்கோள் காட்டுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். தொல்காப்பியத்தைப் புரட்டிப் பாருங்கள்: ‘என்ப’, ‘மொழிப’ என்று பல சூத்திரங்களில் வரும். எனக்கு முன் இருந்தவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று இலக்கணமே கடனை ஒப்புக்கொண்டுதான் நடக்கிறது. நன்னூல், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்து வைத்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏட்டுச்சுவடி தந்தவர்கள் யார் யார் என்று எழுதி வைத்தார். கடனைச் சொல்வதால் அவர் புகழ் குறையவில்லை.

எல்லாவற்றுக்கும் மேற்கோள் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிற பொது அறிவு. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்ததும் அப்படித்தான். ஆனால் அந்தச் சட்டத்தால் ஒரு குறிப்பிட்ட தோட்டத்தில் எத்தனை குடும்பம் நாடற்றதாகியது என்று ஒருவர் பதிவேடுகளைத் துழாவி எண்ணிச் சொல்லியிருந்தால், அந்த எண் அவருடைய உழைப்பு. அதைச் சொல்லும்போது அவரையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு குழப்பம், சட்டமும் ஆய்வு நெறியும் ஒன்று என்று நினைப்பது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், எழுதியவருக்கு வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும் பதிப்புரிமை தருகிறது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார். அவர் எழுத்துக்கான உரிமை 2054 வரை இருக்கும். 2055இல் அவர் எழுத்தை அச்சிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிராது. ஆனால் அவர் வசனத்தை உங்கள் வசனமாகப் போட்டால் அன்றைக்கும் அது திருட்டுத்தான். பதிப்புரிமைக்குக் காலக்கெடு உண்டு, கடனைச் சொல்லும் கடமைக்கு இல்லை.

படி 1: குறிப்புக் கொப்பியில் தொடங்குங்கள்

பிழை பெரும்பாலும் எழுதும்போது நடப்பதில்லை, குறிப்பெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. நூலகத்தில் உட்கார்ந்து ஒரு பந்தியைக் கொப்பியில் எழுதுகிறோம், பக்க இலக்கம் போடுவதில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அது நம் கையெழுத்தில் இருக்கிறது, நம் வசனம்போலவே தெரிகிறது. ஆய்வேட்டுக்குள் போய்விடுகிறது.

நான் இப்போது செய்வது இது. நூலில் உள்ளபடி எழுதினால் சிவப்புப் பேனா, இரட்டை மேற்கோள் குறி, வசனம் முடிந்தவுடன் பக்க இலக்கம். நானே சுருக்கி எழுதினால் நீலப் பேனா, அதற்கும் பக்க இலக்கம். எனக்குத் தோன்றிய யோசனை என்றால் பென்சில். கணினியில் எழுதுகிறவர்கள் எழுத்தின் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரு நூலைத் திறந்தவுடன், ஒரு வரி குறிப்பெடுக்கும் முன்னமே, ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம், இடம் ஐந்தையும் எழுதிவிடுங்கள். கடைசி வாரத்தில் உசாத்துணைப் பட்டியல் போட உட்காரும்போது அந்த நூலை எங்கே பார்த்தோம் என்று அட்டனுக்கும் கண்டிக்கும் அலைய வேண்டியிராது.

களத்துக்குப் போகிறவர்களுக்கு இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். இளங்கலை இறுதி வருடத்தில் ஒப்பாரியும் தாலாட்டும் சேகரித்தேன். தோட்டத்தின் மேல் டிவிசனில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், வயதான அம்மாயி ஒருவர் பாடினார். கசெட்டில் பதிந்து, கொப்பியில் எழுதி, பிறகு கொப்பியைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். பாட்டில் அவர் சொன்ன சொல் ‘கொந்தரப்பு’. ஒப்பந்தக் கூலி வேலைக்கு எங்கள் தோட்டங்களில் வழங்கும் பேர். என் கையெழுத்து எனக்கே விளங்காமல் அது ஆய்வேட்டில் ‘கொந்தளிப்பு’ ஆகிவிட்டது. பல வருடம் கழித்து ஒரு கட்டுரையில் அதே பாட்டைப் பார்த்தேன். அதே ‘கொந்தளிப்பு’. பெண்ணின் மனக் கொந்தளிப்பு என்று அதற்கு ஒரு பக்க விளக்கமும் இருந்தது. அந்தக் கட்டுரையாசிரியர் எங்கள் மலைக்கு வந்ததாகவும் எழுதியிருந்தார்.

ஏட்டுச்சுவடி ஆராய்ந்தவர்களுக்கு இந்த வழி பழக்கமானது. இரண்டு சுவடியில் ஒரே பிழை இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்கிறது, அல்லது இரண்டுக்கும் தாய்ச்சுவடி ஒன்று. சரியாக இருப்பது இரண்டு பேருக்கும் தனித்தனியே வாய்க்கலாம். ஒரே இடத்தில் ஒரே பிழை அப்படி வாய்ப்பது அபூர்வம். உங்கள் மூலப் பதிவுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவும்தான்.

படி 2: வாயால் சொன்னவருக்கும் மேற்கோள் உண்டு

அந்தக் கட்டுரையைப் பார்த்துக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து என் ஆய்வேட்டைத் திறந்தேன். அதிலும் அந்த அம்மாயியின் பெயர் இல்லை. ‘தகவலாளர், பெண், வயது 70’ என்று மட்டும் இருந்தது. என்னிடமிருந்து எடுத்தவர் செய்ததையே நான் அவரிடம் செய்திருந்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது.

புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளைப் பற்றியது. நாட்டார் பாடலையோ கூத்தையோ கதையையோ வெளியிடும்போது அது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்று குறிப்பிட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ‘மலையக நாட்டார் பாடல்’ என்று பொத்தாம் பொதுவாகப் போடுவதைவிடத் தோட்டம், டிவிசன், பாடியவர், பதிந்த நாள் என்று போடுவது சட்டத்துக்கும் பொருந்தும், ஆய்வுக்கும் பலம்.

பெயர் போடுவதற்கு முன் கேட்க வேண்டும். சம்பளம், நிர்வாகம், தொழிற்சங்கம், வீட்டுச் சண்டை பற்றிப் பேசியவர்களுக்குப் பெயர் வெளியே போனால் தொல்லை வரலாம். அவர்களை மறைத்துக் காப்பது உங்கள் பொறுப்பு. பாட்டும் கதையும் கைத்தொழிலும் சொன்னவர்களில் பலர் பெயர் வருவதை விரும்புவார்கள். நாமாக முடிவெடுக்கக் கூடாது.

நான் திரும்பவும் அந்த லயத்துக்கு ஏறிப் போனேன். அம்மாயி இருந்தார், காது மந்தம்.

“அம்மாயி, நீங்க பாடுன பாட்டப் புத்தகத்துல போட்டேன்ல, அதுல ஒங்க பேர் போடாம விட்டுட்டேன். இப்பப் போடவா?”

“எம் பேரா தாயி? செக்ரோல்ல ஒரு பேரு, அடையாள அட்டையில ஒரு பேரு, ரெண்டும் தப்பு. நீயாவது சரியா எழுது.”

தானே எழுத்துக்கூட்டிச் சொன்னார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். அன்றிலிருந்து களத்தில் யாரைச் சந்தித்தாலும் முதலில் பெயரை எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பதிவுக் கருவியை இயக்குகிறேன்.

இன்னொன்று. பாட்டு உங்களுக்கு முன்பே யாராவது தொகுத்ததா என்று பாருங்கள். சி. வி. தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’, சாரல் நாடனின் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ இரண்டையும் பார்க்காமல் ‘இதுவரை யாரும் பதிவு செய்யாத’ என்று எழுதாதீர்கள். முன்பே வந்திருந்தால் சொல்லிவிட்டு, உங்களுக்குக் கிடைத்த பாடம் எங்கே வேறுபடுகிறது என்று காட்டுங்கள். அதுவே நல்ல ஆய்வு.

படி 3: பிறர் கருத்தைச் சொந்த வசனத்தில் சொல்வது

சொல்லை மாற்றினால் போதும் என்ற நம்பிக்கைதான் புதியவர்களை அதிகம் மாட்டிவிடுகிறது. உதாரணத்துக்கு, எங்கள் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தைப் பற்றி நானே ஒரு பந்தி எழுதுகிறேன், இது ஒரு நூலில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

“காமன் கூத்து நடக்கும் நாட்களில் தோட்டத்தின் இரவு இளைஞர்களின் கையில் இருக்கிறது. பகலில் கங்காணிக்குக் கட்டுப்படுகிறவன் இரவில் மன்மதனாக வேடம் கட்டி, கங்காணியையே கும்பிட வைக்கிறான்.”

கட்டுரைகளில் நான் பார்ப்பது இப்படி இருக்கும்: “காமன் கூத்து இடம்பெறும் தினங்களில் தோட்டத்து இராப்பொழுது வாலிபர்களின் வசம் உள்ளது. பகற்பொழுதில் கங்காணிக்கு அடங்கி நடப்பவன் இரவில் மன்மதன் வேடமிட்டு கங்காணியையே வணங்கச் செய்கிறான்.” எலும்பு அவருடையது, சட்டை மட்டும் மாறியிருக்கிறது. கீழே அடிக்குறிப்பு போட்டாலும் இது சரியாகாது, ஏனென்றால் வசனம் உங்களுடையது என்று வாசிப்பவர் நம்புவார்.

செய்ய வேண்டியது, நூலை மூடிவிட்டு, அவர் சொல்ல வந்தது என்ன என்று பக்கத்திலிருப்பவருக்குச் சொல்வதுபோல எழுதுவது. அதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்றும் பார்ப்பது: “காமன் கூத்தைத் தோட்ட அதிகாரம் சில இரவுகளுக்கு இடம் மாறும் நிகழ்வாக இன்னார் காண்கிறார் (ஆண்டு, பக்கம்). ஆனால் நான் பார்த்த டிவிசனில் மன்மதன் வேடம் கட்டியவர் கங்காணி குடும்பத்துப் பையன். அங்கே அதிகாரம் இடம் மாறவில்லை, வேடம் கட்டிக்கொண்டது.” அவர் எங்கே நிறுத்தினார், நீங்கள் எங்கே தொடங்கினீர்கள் என்பது தெரிகிறது. கடனைச் சரியாகச் சொன்னால்தான் உங்கள் பங்கு கண்ணுக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த ஆபத்து இரட்டிப்பாகும். வசனம் நமக்கு வராது, அவர்களுடையது அழகாக இருக்கிறதே என்று முன்னுரைக்கு நாலு வரி எடுத்துவிடுவோம். இந்தியாவின் மிகப் பெரிய வேதியியலாளர்களில் ஒருவரான சி. என். ஆர். ராவ் பெயர் இருந்த ஒரு கட்டுரையிலேயே இது நடந்தது. ‘அட்வான்ஸ்ட் மெட்டீரியல்ஸ்’ இதழில் 2011இல் வந்த கட்டுரையில் சில வசனங்கள் வேறொரு கட்டுரையிலிருந்து அப்படியே வந்திருந்தன. எழுதியவர் மாணவர். மன்னிப்பு அச்சாக வேண்டி வந்தபோது பேராசிரியர்களும் சேர்ந்துதான் கேட்டார்கள். கட்டுரையில் பெயர் இருக்கும் எல்லோரும் ஒவ்வொரு வசனத்துக்கும் பொறுப்பு. மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டோம், அவர் பார்ப்பார் என்று இருக்க முடியாது. உடைந்த ஆங்கிலமானாலும் உங்களுடையதை எழுதுங்கள், திருத்தித் தர ஆள் கிடைப்பார்கள்.

படி 4: மொழிபெயர்ப்பும் ஒருவரின் உழைப்பு

சி. வி.யின் ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ 1954இல் ஆங்கிலத்தில் வந்தது. அதைத் தமிழில் தந்தவர் சக்தி அ. பாலையா. தமிழ் அடிகளை எடுத்தாண்டு ‘சி. வி. எழுதுகிறார்’ என்று மட்டும் போட்டால் பாலையாவின் உழைப்பு மறைந்துவிடுகிறது. இரண்டு பெயரும் வர வேண்டும்.

ஆங்கில நூலின் பந்தியை நீங்களே தமிழாக்கிப் போட்டால் ‘மொழிபெயர்ப்பு என்னுடையது’ என்று எழுதுங்கள். மொழிபெயர்த்துவிட்டால் கருத்து நம்முடையதாகாது. மென்பொருள் பிடிக்காது என்ற தைரியத்தில் சிலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் அந்த ஆங்கில நூலை வாசித்த பரீட்சகர் ஒருவர் போதும்.

படி 5: மென்பொருள் அறிக்கையை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டர்னிட்டின் போன்ற மென்பொருள் திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. ஒத்த சொற்கூட்டங்களைக் காட்டுகிறது, அவ்வளவுதான். 25 வீதம் என்று வந்தால் அதில் பாதி உசாத்துணைப் பட்டியலாகவும் முறையாகக் காட்டிய மேற்கோளாகவும் இருக்கலாம். 4 வீதம் என்று வந்த கட்டுரையின் அந்த 4 வீதமே அதன் மையவாதமாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்க்காதீர்கள், நிறமிட்ட வசனங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் நாட்டில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அதே ‘அம்மா’ யுனிகோட்டில் வேறு. ஆகவே பாமினியில் தட்டிய ஆய்வேட்டிலிருந்து எடுத்து யுனிகோட்டில் போட்டால் மென்பொருள் இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. நூலகம் நிறுவனம் 2005 முதல் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் ஈழத்து நூல்களில் ஏராளமானவை பக்கத்தைப் படமெடுத்து வைத்தவை, அவற்றின் எழுத்தும் பெரும்பாலும் அதன் கண்ணுக்குப் படாது. தமிழ்க் கட்டுரைக்கு 0 வீதம் வந்தால் கட்டுரை சுத்தம் என்று பொருளில்லை. உங்கள் கட்டுரையைச் சமர்ப்பிக்கும் முன் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். முக்கிய வசனங்களை நூலகம் தளத்தில் உள்ள நூல்களோடு நீங்களே கண்ணால் ஒப்பிடுங்கள்.

இந்தியாவில் ஆய்வுப்பட்டம் செய்யப் போகிறவர்களுக்கு அங்கே எழுதப்பட்ட விதி உண்டு. இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் கொண்டுவந்த ஒழுங்குவிதிப்படி, ஒப்புமை 10 வீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திய ஆய்வேட்டைத் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் திருத்திச் சமர்ப்பிக்கத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையான மேற்கோள்கள், உசாத்துணை, பொதுச் சொற்கள் கணக்கில் வராது. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் தன் நடைமுறையை வைத்திருக்கின்றன. பதிவு செய்யும் நாளிலேயே உங்கள் பீடத்தின் விதிக்கோவையைக் கேட்டு வாங்கி வாசித்துவிடுங்கள்.

படி 6: சட்ஜிபிடியும் அதன் உறவினர்களும்

செயற்கை நுண்ணறிவுக் கருவி கட்டுரைக்கு ஆசிரியராக முடியாது என்று ஆய்விதழ் நெறி அமைப்புகள் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டன, ஏனென்றால் அதனால் பொறுப்பேற்க முடியாது. பயன்படுத்தினால் எதற்கு என்று எழுதுங்கள். இந்தக் கருவிகள் இல்லாத தமிழ் நூல்களை இருப்பதுபோல ஆசிரியர், ஆண்டு, பதிப்பகத்தோடு சொல்லும். கையில் எடுத்துப் பார்க்காத எதையும் உசாத்துணையில் போடாதீர்கள்.

படி 7: யார் யார் பெயர் வரலாம்

ஆய்வில் உண்மையான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதிப் பிரதிக்குச் சம்மதம், பொறுப்பேற்கும் மனம். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு கேட்பது இந்த நான்கையும். மரியாதைக்காக ஒரு பெயரைச் சேர்ப்பதும், வேலை செய்தவர் பெயரை விடுவதும் ஒரே வகைப் பிழை. தரவு சேகரிக்கக் கூடவே மலையேறி வந்த தம்பிக்கு நன்றியுரையில் இடம் கொடுங்கள்.

உங்கள் பழைய கட்டுரையையே தலைப்பு மாற்றி இன்னொரு இதழுக்கு அனுப்புவதும், ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்புவதும் தவறு. காசுக்கு ஆய்வேடு எழுதிக் கொடுப்பவர்களிடம் போகவே வேண்டாம். அவர் அதையே நாலு பேருக்கு விற்றிருப்பார்.

உங்கள் எழுத்தை ஒருவர் எடுத்துக்கொண்டால்

முதல் வேலை முகநூலில் எழுதுவதல்ல. கோபத்தில் எழுதியதை வைத்து உங்கள்மீதே அவதூறு வழக்கு வரலாம். அந்தக் கட்டுரையின் முழுப் பிரதியையும் இறக்கி, திகதியோடு சேமித்து, அச்செடுத்து வையுங்கள்.

பிறகு ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் உங்கள் வசனம், பக்கம், வெளியான திகதி. வலப்பக்கம் அவருடையது, பக்கம், திகதி. ஒத்த சொற்களுக்கு அடிக்கோடு. பொதுவான பிழைகளைத் தனியே எழுதுங்கள். என் அட்டவணையில் ‘கொந்தளிப்பு’ முதல் வரியில் இருந்தது, பக்கத்தில் கசெட்டின் பதிவுத் திகதி. வசை ஒன்றும் வேண்டாம், அட்டவணையே பேசும்.

அதை இதழின் ஆசிரியருக்கு அனுப்புங்கள். கடிதம் இப்படிச் சுருக்கமாக இருக்கட்டும்:

“மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, தங்கள் ஆய்விதழின் இன்ன இதழில், இன்ன பக்கங்களில் வெளியான கட்டுரையில், இன்ன ஆண்டு இன்ன பல்கலைக்கழகத்துக்கு நான் சமர்ப்பித்த ஆய்வேட்டின் நான்காம் இயலிலுள்ள பகுதிகள் என் பெயர் குறிப்பிடப்படாமல் இடம்பெற்றுள்ளன. ஒப்பீட்டு அட்டவணையையும் ஆய்வேட்டின் உரிய பக்கங்களையும் இணைத்துள்ளேன். தங்கள் நடைமுறைப்படி ஆராய்ந்து, எடுக்கும் முடிவை எனக்கு அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

1997இல் பிரித்தானியாவில் சில மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய ‘கோப்’ என்ற பதிப்பு நெறிக் குழு இத்தகைய புகார்களைக் கையாளப் படிப்படியான வரைபடங்களை வைத்திருக்கிறது. அந்த இதழ் அதில் உறுப்பினர் என்றால் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். ஆசிரியர் முதலில் கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்பார். பதில் வராவிட்டால், திருப்தி இல்லாவிட்டால், அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு எழுதுவார். சிறு விடுபடல் என்றால் திருத்தக் குறிப்பு வரும், பெரிய திருட்டு என்றால் கட்டுரை மீளப்பெறப்படும். மாதங்கள் ஆகும். நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருங்கள், ஒவ்வொன்றையும் கோப்பில் வையுங்கள்.

பெரிய பதவியில் இருப்பவருக்கு எதிராக நாம் என்ன செய்ய முடியும் என்று சோர்ந்துவிடாதீர்கள். 2002இல் உத்தராகண்டின் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பி. எஸ். ராஜ்புத், ஸ்டான்ஃபோர்டின் ரெனாட்டா காலோஷ் எழுதிய இயற்பியல் கட்டுரையிலிருந்து எடுத்துத் தன் பெயரில் வெளியிட்டிருந்தது வெளியே வந்தது. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர்கள், நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட, அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணை நடந்தது, 2003 தொடக்கத்தில் துணைவேந்தர் பதவி விலகினார். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவரின் ஏறத்தாழ 70 கட்டுரைகள் திருட்டும் புனைவும் என்று 2008இல் தெரியவந்தது. இரண்டிலும் விடயத்தை நகர்த்தியது, கட்டுரைகளைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்து வாசித்த சக ஆய்வாளர்களின் பொறுமை.

ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியருக்குக் கிடைத்த செவி அக்கரப்பத்தனை மாணவிக்குக் கிடைக்குமா? உடனே கிடைக்காது என்பதுதான் உண்மை. அதனால்தான் நமக்குச் சான்று இன்னும் பலமாக இருக்க வேண்டும். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு முறை இல்லை, எழுதிய கணத்திலேயே உரிமை பிறக்கிறது. ஆகவே எந்தத் திகதியில் எழுதினோம் என்பதை நாமே நிறுவ வேண்டும். ஆய்வேட்டின் ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ப்பது, நூலகம் தளத்துக்குக் கொடுப்பது, செனோடோ போன்ற இலவசக் களஞ்சியத்தில் ஏற்றி நிரந்தர இலக்கம் வாங்குவது, ஆய்வாளர்களை அடையாளப்படுத்தும் ஓர்கிட் இலக்கம் எடுத்துக்கொள்வது எல்லாம் சான்றாகும். செலவில்லை, ஓர் அந்திப்பொழுது போதும்.

உங்கள்மேல் குற்றச்சாட்டு வந்தால்

எதையும் அழிக்காதீர்கள். குறிப்புக் கொப்பி, வரைவுகள், மின்னஞ்சல்கள், பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எந்த வசனம், எந்தப் பக்கம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு நேர்மையாக ஒப்பிட்டுப் பாருங்கள். குற்றம் இல்லை என்றால் உங்கள் வரைவுகளே அதைக் காட்டும். பிழை நடந்திருந்தால் விசாரணைக்குக் காத்திராமல் ஒப்புக்கொண்டு திருத்தம் கேளுங்கள். ‘எல்லாரும் செய்றாங்க’ என்பதும் ‘டைப் பண்ணுனவங்க விட்டுட்டாங்க’ என்பதும் பதிலாகாது.

விசாரிக்கும் இடத்தில் இருக்கும் விரிவுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வருடப் பிள்ளை மேற்கோள் குறி விட்டதையும், பதவி உயர்வுக்காக ஒருவர் முழுக் கட்டுரையைத் தூக்கியதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள், திரும்ப எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் எல்லோர் முன்னும் பேரைச் சொல்லி அவமானப்படுத்தினால் அந்தப் பிள்ளை எழுதுவதையே விட்டுவிடும். லயத்திலிருந்து பல்கலைக்கழகம்வரை வந்த முதல் தலைமுறைப் பிள்ளையாக அது இருக்கலாம்.

பழைய பிழையைத் திருத்துவது

பட்டம் வாங்கி, வருடங்கள் போன பிறகு உங்கள் ஆய்வேட்டில் பிழை கண்டால் திருத்த முடியும். துறைத்தலைவருக்கும் நூலகருக்கும் எழுதி, பிழைதிருத்தத் தாள் ஒன்றைச் சேர்க்கக் கேளுங்கள். கட்டுரை என்றால் இதழுக்கு எழுதித் திருத்தக் குறிப்பு போடச் சொல்லுங்கள். எந்த ஆசிரியரும் இதற்காக உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்.

என் ‘கொந்தளிப்பு’ இருந்த அந்தக் கட்டுரைக்கு, நான் இதழுக்கு எழுதி ஏழு மாதம் கழித்து ஒரு திருத்தக் குறிப்பு வந்தது. பாடலின் மூலம் என் ஆய்வேடு என்று போட்டிருந்தார்கள். அதற்கு முன்பே நான் என் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு தாளை அனுப்பியிருந்தேன். நூலக அலுவலர் ஒருவர் அதை ஆய்வேட்டின் பின்னட்டைக்கு உள்பக்கம் பசை தடவி ஒட்டினார். அதில் இரண்டு வரி. பக்கம் 83இல் ‘கொந்தளிப்பு’ என்பதைக் ‘கொந்தரப்பு’ என வாசிக்கவும். இப்பாடலைப் பாடியவர் பெயர் கீழே, அவர் சொன்ன எழுத்துக்கூட்டில்.